சுரூபம் எங்கள் வீட்டுக்கு வந்த நாள்

எனக்கு அப்போது பதினொரு வயது. தங்கச்சிக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. அந்த வருடத்தை எங்கள் ஊரில் யாரும் இலக்கம் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. கொலரா வந்த வருடம் என்றால் எல்லோருக்கும் விளங்கும். பேக்கரி வாசலில் பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றதும், சீனியைக் கரண்டியால் அளந்து போட்டதும் அந்தக் காலத்தில்தான். அதையெல்லாம் ஊர் மறந்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்த ஒரு நாள் மட்டும் வேறு மாதிரிப் போயிருந்தால் நானும் மறந்திருப்பேன்.

நோய் எங்கோ கிழக்கு நாடுகளில் தொடங்கி, கப்பலேறி, பல வருடங்களாக உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று வானொலியில் சொன்னார்கள். ஊர்காவற்றுறையில் இருந்த நாங்கள் அதை யாரோ வீட்டுச் சண்டையைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தோம். பிறகு ஒரு நாள் யாழ்ப்பாணத்தில் இரண்டு பேருக்கு என்றார்கள். பிறகு வேலணைப் பக்கம் ஒருவருக்கு என்றார்கள். அதற்கடுத்த கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளில் வந்து ஒவ்வொரு கிணற்றிலும் மருந்துத் தூளைக் கொட்டிவிட்டுப் போனார். தேத்தண்ணீர் குடித்தாலும் ஆஸ்பத்திரி மணந்தது.

காரைநகருக்குப் படகு ஏறுவதென்றாலும், யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறுவதென்றாலும் ஊசி போட்டதாக எழுதிய துண்டைக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்பா கடற்றொழில் செய்பவர். திருக்கை முள் காலில் ஏறியபோது தானே கத்தியால் கீறி எடுத்துவிட்டு, அன்று மாலையே தொழிலுக்குப் போனவர். அப்பேர்ப்பட்ட மனிதர் ஊசி என்றதும் கரையில் கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். அம்மா போய்ச் சட்டையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். தங்கச்சி அழவே இல்லை. அடுத்த நாள் வீங்கியிருந்த தன் கையை ஒழுங்கை வீடுகள் முழுக்கக் கொண்டு திரிந்து, "பாருங்கோ, என்ர கைக்குள்ள முட்டை இருக்கு" என்று காட்டினாள். தொட்டுப் பார்க்க விடவும் மாட்டாள்.

மீனுக்குள் கொலரா இருக்கிறதென்று யாரோ ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள். கரையில் மீன் கூறி விற்பவர் தொண்டை வற்றக் கத்தினாலும் வாங்க ஆளில்லை. யாழ்ப்பாணத்துக்கு மீன் ஏற்றிப் போகும் லொறிக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். விலை போகாத மீனைப் பிடிக்க ஏன் கடலுக்குப் போவது? அப்பா கிழமைக்கு இரண்டு நாள்தான் வலை போட்டார், அதுவும் வீட்டுத் தேவைக்காக.

இனிச் சொல்லப் போவதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்த மூன்று மாதங்கள்தான் என் சின்ன வயதில் நான் மிகவும் சந்தோசமாக இருந்த காலம். அதுவரை அப்பா பொழுதுபடக் கடலுக்குப் போவார், காலையில் வருவார், தின்றுவிட்டுப் படுப்பார். அவர் எழும்பும்வரை நாங்கள் காலடி கேட்காமல் நடக்க வேண்டும். அப்பா என்றால் எங்களுக்கு இடுப்பில் கட்டிய ஒரு சாறமும் குறட்டையும்தான். கொலரா வந்த பிறகுதான் எங்கள் அப்பா பகிடி விடுகிற மனிதர் என்று கண்டுபிடித்தோம். கடுதாசிச் சீட்டு விளையாட்டில் வெட்கமில்லாமல் கள்ளம் செய்வார். தங்கச்சி கையும் களவுமாகப் பிடித்தால், "உனக்குக் கண் நல்லாயிருக்கோ எண்டு சோதிச்சுப் பாத்தனான்" என்பார்.

பள்ளிக்கூடமும் இல்லை. பெரிய விளைமீனும் நண்டும் நாங்களே தின்றோம். வேறு நாட்களில் அவை எங்கள் சட்டிக்குள் வந்ததே இல்லை. அப்பா முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சுவார். பக்கத்து வீட்டு மாமி மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து போடுவார். எல்லோரும் சுற்றியிருந்து பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிப்போம். மிளகாய்த் தூள் கூடிவிட்டதென்று அம்மா ஏசுவார், ஏசிக்கொண்டே இரண்டாம் தரமும் வாங்கிக் குடிப்பார். அம்மா வாய்விட்டுச் சிரித்ததை நான் அந்த நாட்களில்தான் அதிகம் கேட்டேன். பள்ளிக்கூடம் திறக்கக் கூடாது, அப்பா தொழிலுக்குப் போகக் கூடாது என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டதும் உண்டு.

ஆவணி பிறக்கும்போது நோய் எங்கள் கரைக்கே வந்துவிட்டது. கரையோரத்து வீடொன்றில் ஒரு கிழவருக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், அவர் திரும்பி வரவில்லை. சுகாதாரப் பகுதி ஆட்கள் வந்து வீடு முழுக்க மருந்து தெளித்து, கிணற்றை மூடி, வாசல் படலையில் குறுக்காக ஒரு கயிறு கட்டிவிட்டுப் போனார்கள். அந்தக் கயிற்றைத் தாண்டி யாரும் உள்ளே போகக் கூடாது, உள்ளே இருப்பவர்கள் வெளியே வரவும் கூடாது.

எங்கள் ஊர் கத்தோலிக்க ஊர். கொள்ளைநோய்க்குக் காவலான புனிதரின் சுரூபம் ஒன்று கோயிலில் இருந்தது, உடம்பெல்லாம் அம்புகள் தைத்த சிலை. நோய் வரும் காலத்தில் அதைக் கோயிலை விட்டு இறக்கி, ஒரு நாளைக்கு ஒரு வீடாக வைத்து, ஊர் கூடிச் செபமாலை சொல்வது எங்கள் ஆட்களின் வழக்கம். மாலையில் முதல் வீட்டிலிருந்து எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொண்டு போவார்கள். கரையிலிருந்து தொடங்கி வரிசையாக வரும். வரிசையில் ஒரு வீட்டையும் விடக் கூடாது. செபம் முடிந்ததும் எல்லோரும் வந்து சுரூபத்தின் காலில் உதடு வைத்து முத்தி செய்வார்கள். சுவாமியார் பிரசங்கத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தார், இந்த முறை யாரும் முத்தி செய்ய வேண்டாம், தலை வணங்கினால் போதும் என்று. சனங்கள் தலையாட்டிக்கொண்டு கேட்டார்கள். பிறகு சுரூபத்தோடு வருகிற கோயில் மூப்பர் மற்றப் பக்கம் திரும்பும்வரை பார்த்திருந்து, குனிந்து முத்தி செய்துவிட்டுப் போனார்கள். மூப்பரும் அடிக்கடி மற்றப் பக்கம் திரும்பினார்.

சுரூபம் கிழவரின் வீட்டடிக்கு வந்த நாள் நான் அம்மாவோடு போயிருந்தேன். படலையில் கயிறு இருந்தது. மூப்பர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டைக் கடந்து அடுத்த வீட்டுக்கு நடந்தார். கிழவரின் மகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் முழங்காலில் விழுந்து, "எங்களை விட்டிட்டுப் போறீரே, நாங்கள் என்ன பாவம் செய்தனாங்கள்" என்று கத்தினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கிழமை அந்தப் பெண்ணும் செத்துப்போனார். ஊர் ஒரே முடிவுக்கு வந்தது. புனிதர் கடந்து போன வீட்டில் நோய் தங்கிவிடும், அவர் ஏறிய வீட்டை அது தொடாது. இதை அம்மா முழுமனதோடு நம்பினார். நானும் நம்பினேன். ஊரில் நம்பாத ஆளென்று ஒருவரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

எங்கள் முறை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அதற்காக அம்மா ஒரு கிழமை பாடுபட்டார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். மாமி வீட்டிலிருந்து மேசை வந்தது. கலியாணத்துக்குப் பிறகு வெளியே எடுக்காத வெள்ளைத் துணியை அலுமாரிக்குள்ளிருந்து எடுத்து அம்மா தோய்த்துக் காயப்போட்டார். தங்கச்சிக்கு ஒரே ஒரு கவலைதான். அந்த அம்புகளை இழுத்து எடுத்துவிட்டால் அவருக்கு நோகாதே, ஏன் ஒருவரும் எடுப்பதில்லை என்று அப்பாவைத் துளைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை விடிகிற நேரம் அவள் வெளியே போக வேண்டுமென்று அம்மாவை எழுப்பினாள். வந்து படுத்தாள், திரும்பவும் போனாள். ஏழு மணிக்கிடையில் நான்கு தரம் போய்விட்டது. தின்றதையெல்லாம் சத்தியும் எடுத்தாள். பனம்பழக் காலம். முதல் நாள் மாமி வீட்டில் சுட்ட பனம்பழத்தை முகமெல்லாம் பூசிக்கொண்டு சூப்பித் தின்றிருந்தாள். "பனம்பழம் வயித்தைக் கலக்கிப்போட்டுது" என்று அம்மா சொன்னார். எட்டு மணிக்குப் போனது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. அம்மா அதைக் குனிந்து பார்த்தார். சாம்பலைப் போட்டு மூடினார்.

"ஊசி போட்ட பிள்ளை. அது வராது" என்று சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வைத்தியம் இருந்தது. வயிற்றாலே போகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கொடுத்ததெல்லாம் போகும், வயிற்றைக் காயப் போட்டால்தான் நிற்கும் என்பார்கள். அம்மாவுக்கு இதை மாமி எப்போதோ சொன்னது, மாமிக்கு அவருடைய தாய் சொல்லியிருப்பார். அம்மா மாதுளங்கோது அவித்த தண்ணீரைக் கரண்டியால் ஒரு வாய் கொடுத்தார். தேயிலைச் சாயம் ஒரு வாய் கொடுத்தார். தண்ணீர்ப் பானைக்கு மேலே மூடியை வைத்து, அதற்கு மேல் ஒரு கல்லையும் வைத்தார். "அவள் எவ்வளவு கேட்டாலும் குடுத்துப்போடாதை" என்று எனக்குச் சொன்னார்.

பத்து மணியளவில் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். ஒவ்வொரு படலையிலும் நின்று விசாரித்துக்கொண்டு வந்தார். நான்தான் முற்றத்தில் நின்றேன். நல்ல மனிதர். வெயிலில் வந்து முகம் சிவந்திருந்தது.

"பிள்ளை, வீட்டில ஆருக்கும் வருத்தம் இருக்கோ? வயித்தாலை போகுதோ?"

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா கதவு மறைவில் நின்று என்னைப் பார்த்தார். தலையைக்கூட ஆட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

"இல்லை ஐயா. எல்லாரும் சுகம்" என்றேன்.

அவர் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு மாமி வீட்டுப் படலைக்குப் போனார். அம்மா என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. என் வாயால் நானாகத்தான் சொன்னேன்.

மத்தியானம் கரையிலிருந்து வந்த அப்பா தங்கச்சியைக் கண்டதும் சாறத்தை மடித்துக் கட்டினார். அவளுடைய கண்கள் உள்ளே போயிருந்தன. விரல் நுனிகள் நெடுநேரம் கடலுக்குள் நின்றவரின் விரல்போலச் சுருங்கியிருந்தன. ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து ஒரு கட்டை தூரம்கூட இல்லை, நடந்தே போகலாம். அப்பா அவளைத் தூக்கினார். அம்மா வாசலில் குறுக்கே நின்றார்.

"இஞ்சருங்கோ, இண்டைக்குப் பொழுதுபடும்வரைக்கும் பொறுங்கோ. இப்ப கொண்டு போனால் படலையில கயிறு கட்டிப்போடுவாங்கள். அவர் எங்கட வாசலாலை கடந்து போயிடுவார்."

"பிள்ளை சோர்ந்து போச்சுதடி. விடு."

"அவர் உள்ளுக்கு வந்தால் எழும்பியிடுவாள். செபம் முடிஞ்ச உடனை கொண்டு போவம். நானே தூக்கிக்கொண்டு வாறன். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

அம்மா உண்மையாகவே கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தார். பிறகு தங்கச்சியைத் திரும்பப் பாயில் கிடத்திவிட்டு, கதிரையில் போய் இருந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அப்பா கோழை இல்லை. அவருக்கும் அந்தக் கிழவரின் வீடு நினைவில் இருந்தது.

பொழுதுபட ஒழுங்கையில் மணிச் சத்தம் கேட்டது. தங்கச்சியைப் பாயோடு, அடுப்பும் தண்ணீர்ப் பானையும் இருந்த குசினிக்குள் கொண்டு போய்க் கிடத்தினார்கள். அவளுக்குப் பக்கத்தில் இருந்து சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. குசினிக் கதவைச் சாத்திவிட்டு அம்மா முகத்தைக் கழுவி, சேலையைச் சரிசெய்து, மெழுகுதிரியோடு முன்னால் போனார். சுரூபம் எங்கள் வீட்டுக்குள் ஏறியது. மாமி முதல் பாட்டைத் தொடங்கினார். சனம் நிறைய வந்திருந்தது என்று குரலில் தெரிந்தது.

தங்கச்சியின் குரல் மாறிப்போயிருந்தது. தொண்டைக்குள் மணல் இருப்பதுபோல ஒரு கரகரப்பு.

"அக்கா, தண்ணி."

"செபம் முடிய அம்மா தருவா."

"இப்ப."

அவள் அழவில்லை. கண்ணீர் வருவதற்கு அவளுடைய உடம்பில் ஈரம் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. தண்ணி, தண்ணி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முன்னறையில் செபமாலையின் இரண்டாம் காரணிக்கம் போய்க்கொண்டிருந்தது. யாருக்காவது கேட்டுவிட்டால் எல்லாம் போச்சு. கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் எழும்பினேன். அவள் மேல் இரக்கப்பட்டு எழும்பினேன் என்று சொல்ல எனக்கு விருப்பம்தான், ஆனால் அது உண்மையில்லை. பானைக்கு மேலிருந்த கல்லைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டு, மூக்குப்பேணியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து, அவளுடைய தலையைத் தூக்கி வாயில் ஊற்றினேன்.

ஒரு மிடறு குடித்தாள். இன்னொரு மிடறு குடித்தாள். பிறகு சுருங்கிய அந்தக் கையால் பேணியைப் பிடித்துக்கொண்டாள். எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ தெரியாது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அம்மா சொன்னது காதுக்குள் கேட்டது. பேணியைப் பிடுங்கினேன். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பிடுங்க வேண்டியிருந்தது. மிச்சத் தண்ணீரை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்பப் பானைக்குள் ஊற்றிவிட்டுக் கல்லைத் தூக்கி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் சத்தி எடுத்தாள். நான் கொடுத்த தண்ணீர்தான் காரணம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பிரார்த்தனை முடிந்து, கடைசி ஆள் படலையைத் தாண்டியதும் அம்மா ஓடிவந்தார். அவளைத் தூக்கிக்கொண்டு போய் மேசைக்கு முன்னால் நின்று, அவளுடைய உதட்டைச் சுரூபத்தின் காலில் வைத்து அழுத்தினார். அவளுடைய தலை ஒரு பக்கம் சரிந்தது. "கண்ணைத் திற ராசாத்தி, அவர் வந்திருக்கிறார் பார்" என்றார். அப்பா வந்து அம்மாவின் கையிலிருந்து அவளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அம்மா செருப்பில்லாமல் பின்னால் ஓடினார். ஒழுங்கையில் நின்ற சனம் விலகிச் சுவரோடு ஒட்டியது.

ஆஸ்பத்திரியில் தங்களால் இயன்றதெல்லாம் செய்தார்கள். நரம்பு அகப்படவில்லையாம். கையிலும் காலிலும் மாறி மாறிக் குத்திப் பார்த்தார்களாம். டொக்டர் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், "எப்ப தொடங்கினது?" என்று. அப்பா "விடிய" என்றாராம். டொக்டர் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று அப்பா பிறகு சொல்லுவார். சனிக்கிழமை கோயிலின் காலை மணி அடிப்பதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.

அவளை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. பெட்டியை ஆணியடித்து மூடி, நேராகச் சேமக்காலைக்குக் கொண்டு போனார்கள். அப்பாவும் சுவாமியாரும் குழி வெட்டிய இரண்டு பேரும்தான் நின்றார்கள். சுண்ணாம்பு போட்டு மூடினார்களாம். எங்கள் படலையில் கயிறு கட்டப்பட்டிருந்தது. அம்மாவும் நானும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கோயில் மணி அடிக்குமென்று பார்த்துக்கொண்டு நின்றோம். கூட்டம் சேரக் கூடாதென்று மணியும் அடிக்கவில்லை. எப்போது மண் போட்டார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

சனிக்கிழமை மாலை சுரூபத்தை எடுக்க யாரும் வரவில்லை. அடுத்தது மாமி வீட்டு முறை. மாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார். படலைக்கு வரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் இரண்டு சின்னப் பிள்ளைகள். ஞாயிறும் வரவில்லை, திங்களும் வரவில்லை. மற்ற வீடுகளுக்கு ஒரு நாள்தான் வந்த புனிதர், எங்கள் வீட்டில் மூன்று கிழமைக்கு மேல் தங்கினார். என் தங்கச்சி இல்லாத வீட்டுக்குள், வெள்ளைத் துணி விரித்த மேசையில், அவர் பாட்டுக்கு நின்றார். எனக்கு அவரைக் காணவே பிடிக்கவில்லை. ஒரு நாள் போர்த்து மூடிவிடலாமா என்று அம்மாவைக் கேட்டேன்.

"வந்த ஆளை மூடி வைக்கிறதோ?" என்றார் அம்மா. ஒவ்வொரு மாலையும் மெழுகுதிரி கொளுத்தினார். ஆனால் ஒரு நாளும் அவருக்கு முன்னால் முழங்காலில் நின்றதை நான் காணவில்லை. கொளுத்திவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்.

கயிறு அவிழ்த்த பிறகு மூப்பர் வந்தார். அதற்கு முதல் நாள் அம்மா தண்ணீரைக் கொதிக்க வைத்து, கிணற்றுக்குப் போடும் மருந்துத் தூளைக் கரைத்து, தேங்காய்த் தும்பால் சுரூபத்தின் காலைத் தேய்த்துக் கழுவினார். வர்ணம் கழன்று வெள்ளைச் சாந்து தெரியும்வரை தேய்த்தார். மூப்பர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை இப்பிடிச் செய்துபோட்டீர்" என்றார்.

"இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு வரக் கூடாது அண்ணை. கொண்டு போங்கோ" என்றார் அம்மா.

மார்கழியில் மழை பிடித்தது. நோய் எப்படி வந்ததோ அப்படியே போய்விட்டது. பள்ளிக்கூடம் திறந்தார்கள். மீன் லொறி வந்தது. அப்பா பழையபடி பொழுதுபடக் கடலுக்குப் போய்க் காலையில் வந்தார். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் ஏசவில்லை. பழியில் ஆளுக்கொரு பங்கை எடுத்துக்கொண்டு அவரவர் பாட்டில் இருந்தோம். அம்மா கெஞ்சினாலும் தான் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று அப்பா நினைத்தார், கடைசிக் காலத்தில் அதை வாய்விட்டும் சொன்னார். மறித்தவள் நான்தானே என்று அம்மா நினைத்தார். அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். தண்ணீர் கொடுத்தவள் நான். அம்மா கல் வைத்து மூடிய பானையைத் திறந்து, கொடுக்காதே என்று சொன்ன தண்ணீரைக் கொடுத்து, தங்கச்சியைக் கொன்றவள் நான். பாவசங்கீர்த்தனத்தில் பல பொய்களைச் சொல்லியிருக்கிறேன், சாக்லேட் களவெடுத்ததைச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சுவாமியாரிடமும் சொல்லவில்லை.

எனக்குக் கலியாணமாகி, பிள்ளை பிறந்து, பிள்ளைக்குப் பத்து மாதம். எண்பதுகள் தொடங்கிய நேரம். கிளினிக்குக்குப் பிள்ளையை நிறுக்கக் கொண்டு போகும்போது அம்மாவும் கூட வந்தார். அப்பா அப்போது இல்லை. அன்றைக்குப் புதிதாக ஒரு நேர்ஸ் மிஸி வந்திருந்தார். சின்னப் பெண், நல்ல கலகலப்பு. வாங்குப் பலகையில் இருந்த தாய்மார் எல்லோரையும் பார்த்து, "பிள்ளைக்கு வயித்தாலை போனால் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டார்.

"தண்ணியை நிப்பாட்டுவம்" என்று ஒருத்தி சொன்னாள்.

"அதுதான் பிழை!" என்று மிஸி மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். "தண்ணி இல்லாமல்தான் பிள்ளையள் சாகிறது. வருத்தம் கொல்லுறதில்லை, வத்திப் போறதுதான் கொல்லுறது." கொதித்தாறிய தண்ணீரை ஒரு போத்தலில் அளந்து, உப்பும் சீனியும் போட்டுக் கரைத்துக் காட்டினார். சத்தி எடுத்தாலும் நிறுத்தக் கூடாது, கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கொடுக்க வேண்டும் என்றார். நான் அன்று கொடுத்தது பிழையில்லை. பிடுங்கினதுதான் பிழை. இத்தனை வருடமும் நான் பிழையான பாவத்துக்கு அழுதுகொண்டிருந்திருக்கிறேன்.

பக்கத்தில் அம்மா எழும்பி நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழும்பி நின்று கேட்டார்.

"மிஸி, கொலராவுக்கும் குடுக்கலாமோ?"

"ஓம் அம்மா. கொலராவுக்குத்தான் முக்கியம்."

"கேக்கக் கேக்கக் குடுக்கலாமோ?"

"கேக்காட்டிலும் குடுக்க வேணும் அம்மா. எவ்வளவு குடிச்சாலும் நல்லது."

அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு இருந்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். பிள்ளையை நிறுத்து முடிந்து, துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். தெருவில் நல்ல வெயில். பாதித் தூரம் வந்த பிறகு, ஒரு வேலி ஓரமாக நின்று கதியாலைப் பிடித்துக்கொண்டார்.

"அண்டைக்கு முழுக்கக் கேட்டவள்" என்றார். "நான் கல்லைத் தூக்கி வைச்சனான்."

எனக்கு அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க ஏலாமல் போனது. "அம்மா, நான் குடுத்தனான்" என்றேன். "நீங்கள் செபத்துக்குப் போன நேரம். குசினிக்குள்ள. மூக்குப்பேணியில."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"குடிச்சவளோ?"

"ஓம்."

"எவ்வளவு குடிச்சவள்?"

பிள்ளை என் தோளில் நித்திரையாகியிருந்தது. நான் அதன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"பேணி முழுக்கக் குடிச்சவள் அம்மா" என்றேன். "இன்னும் வேணுமோ எண்டு கேட்டனான். போதும் எண்டவள்."